கேரவன் ஹீட்டரில் தண்ணீர் ஏறவே மாட்டேன் என்கிறது (பச்சைத் தண்ணீர் வருகிறது, வெந்நீர்க் குழாய் மட்டும் இருமுகிறது)

நிலாப்பயணி:
வணக்கம் நண்பர்களே. கைமாறி வந்த இழுவை கேரவன் (கார் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். வண்டி வெகுகாலம் சும்மா நின்றிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் 10 லிட்டர் வாட்டர் ஹீட்டர். கேஸிலும் ஓடும், 230 வோல்ட் கரண்டிலும் ஓடும்.

குழாயைப் பச்சைத் தண்ணீர் பக்கம் திருப்பினால் சமையல் மேடையிலும் சரி, குளியலறையிலும் சரி, நன்றாகக் கொட்டுகிறது. வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் இரண்டு இருமல், கொஞ்சம் காற்று, அதோடு சரி. பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹீட்டரைத் தட்டிப் பார்த்தால் காலி டப்பா சத்தம்தான் கேட்கிறது.

ஹீட்டரையே கழற்றி வெளியே எடுக்க வேண்டியிருக்குமா? கேஸ் இணைப்பு இருப்பதால் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது.

மறைதிருகி:
கழற்றவே வேண்டாம். தண்ணீர் ஏறாததற்கு ஹீட்டர் காரணமாக இருப்பது அபூர்வம். அது ஒரு காலிப் பாத்திரம், அவ்வளவுதான். ஒன்று, தண்ணீர் அதுவரை வந்து சேரவில்லை. அல்லது வந்த தண்ணீர் கீழே ஓடிவிடுகிறது. அல்லது உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. தண்ணீர் நிறைந்தது உறுதியாகும் வரை கரண்டையும் போடாதீர்கள், கேஸையும் பற்றவைக்காதீர்கள். காலி டேங்கில் எலிமெண்ட் (கரண்டில் சூடேறும் கம்பி) எரிந்துபோனால் அது தனிச் செலவு.

இப்போது சொல்லுங்கள்: பம்பு ஓடும்போது வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா? பம்பு எந்த வகை, தண்ணீருக்குள் போடும் சப்மெர்சிபிளா, உள்ளே பொருத்திய டயாஃப்ரம் பம்பா? டிரெயினை, அதாவது டேங்கைக் காலி செய்யும் வால்வை, திறந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது?

கூடாரம்:
மிக்சர் குழாயின் கைப்பிடியை முழுக்க வெந்நீர்ப் பக்கம் திருப்பித்தானே வைத்தீர்கள்? நடுவில் நின்றால் பம்புக்குப் பச்சைத் தண்ணீர் வழிதான் சுலபம், எல்லாம் அந்தப் பக்கமே போய்விடும், ஹீட்டருக்குள் எதுவும் போகாது.

புனலை பாட்டில் வாயில் இறுக்கி அழுத்திக்கொண்டு ஊற்றினால் பாதியிலேயே நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான். தண்ணீர் கீழிருந்து ஏறும், காற்று மேல் பக்கமுள்ள வெந்நீர்ப் பைப் வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பைப் முடிகிற இடம் உங்கள் குழாய். ஆகவே எல்லாக் குழாய்களையும், ஷவர் உட்பட, முழு வெந்நீரில் வைத்துத் திறந்துவிடுங்கள். பத்து லிட்டர் உள்ளே போக சில நிமிடங்கள் ஆகும். அதுவரை காற்றுதான் வரும், பொறுமை வேண்டும்.

நிலாப்பயணி:
நன்றி அண்ணா, நன்றி கூடாரம். கேட்டவற்றுக்குப் பதில்கள்:

அடியில் ஈரமே இல்லை. தரை காய்ந்து கிடக்கிறது. பம்பு சப்மெர்சிபிள், வெளியே இருக்கும் தண்ணீர் டிரம்முக்குள் போடுவது. குழாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் பம்பை ஓட விடுகிறது. எல்லாக் குழாய்களையும் முழு வெந்நீரில் வைத்துப் பார்த்தாயிற்று. காற்றுகூடத் தொடர்ந்து வரவில்லை, முதலில் கொஞ்சம் வந்ததோடு சரி. டிரெயினைத் திறந்து வாளி வைத்தேன். ஒரு சொம்பு தேறாது.

கூடாரம்:
டிரெயினைத் திறந்தபோது மேலே வெந்நீர்க் குழாயும் திறந்திருந்ததா? மூடியிருந்தால் உள்ளே காற்று புகாமல் தண்ணீர் அப்படியே தொங்கி நிற்கக்கூடும். சில ஹீட்டர்களில் தானாகக் காற்று உள்ளே வர ஒரு சின்ன வால்வு இருக்கும், ஆனால் அதிலும் தூசி அடைத்துக்கொள்ளும்.

நிலாப்பயணி:
திறந்துதான் இருந்தது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டேன். டேங்க் காலிதான்.

வேகத்தடை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃப்ராஸ்ட் வால்வுதான்! ட்ரூமா கம்பெனி ஹீட்டர்களில் ஃப்ராஸ்ட்கண்ட்ரோல் என்று ஒரு டிரெயின் வால்வு இருக்கும். குளிர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானே திறந்து தண்ணீர் முழுவதையும் கீழே விட்டுவிடும். திரும்ப மூட வேண்டுமானால் அது இருக்கும் இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் நிற்காது. பொத்தானை அழுத்தித் துணி கிளிப் ஒன்றை மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

மறைதிருகி:
தம்பி, அடியில் காய்ந்து கிடக்கிறது என்று அவர் சொல்லியாயிற்று. வால்வு திறந்திருந்தால் பம்பு தள்ளுகிற தண்ணீர் முழுவதும் வண்டிக்கு அடியில் ஆறாக ஓடியிருக்கும். ஆகவே அது இல்லை.

கிளிப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பலர் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வால்வு இருப்பதே டேங்கைக் காப்பாற்றத்தான். தண்ணீர் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும், மூடிய டேங்க் அதைத் தாங்காது. கிளிப்பை மாட்டிவிட்டு ராத்திரி மறந்து தூங்கினால் காலையில் புது ஹீட்டர்தான். வண்டிக்குள் சூடேற்றி, வால்வு இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரம் கழித்து அழுத்தினால் கிளிப் இல்லாமலே பொத்தான் நிற்கும். வண்டி கதகதப்பாக இருந்தாலும் வால்வு தரையோடு ஒட்டி இருப்பதால் அந்த மூலை மட்டும் சில்லென்று இருக்கும், அதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை.

வேகத்தடை:
சரி சரி. ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கிளிப்பால் கெட்டுப்போன ஹீட்டரை நான் பார்த்ததில்லை.

பம்புசெட்டு:
பம்பையும் ஒரு கண் பாருங்கள். சப்மெர்சிபிள் பம்பு காற்றைப் பிடித்துக்கொண்டால் சுற்றும், தள்ளாது. தண்ணீருக்குள் வைத்தபடியே சாய்த்து நாலு தடவை உலுக்கினால் குமிழி மேலே வரும். அப்புறம், இரண்டு ஒயரையும் யாராவது மாற்றிப் போட்டிருந்தால் 12 வோல்ட் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் உயிரே இருக்காது. பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படித்தான். பைப்பில் வடிகட்டி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

பச்சைத் தண்ணீர் நன்றாகக் கொட்டுவது உண்மையென்றால் இதில் எதுவும் இல்லை. ஆனால் ‘நன்றாக’ என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் சொல்கிறேன்.

நிலாப்பயணி:
கையில் பட்டால் தெறிக்கிற வேகம் இருக்கிறது. பம்பு நல்லாத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மறைதிருகி:
அப்படியானால் ஸ்பேனரே இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஐரோப்பிய வகை 10 லிட்டர் ஹீட்டர்கள் பலவற்றில் டிரெயின் வால்வு பச்சைத் தண்ணீர் நுழைகிற பைப்பிலேயே, ஹீட்டருக்குச் சற்று முன்னால் இருக்கும். டிரெயினைத் திறந்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து பம்பை ஓட விடுங்கள். யாரையாவது அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரெயினிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தால், ஹீட்டர் வாசல் வரை தண்ணீர் வருகிறது, அடைப்பு அதற்கு அப்பால்: டேங்கிலோ வெந்நீர்ப் பைப்பிலோ. ஒன்றும் வராவிட்டால் அடைப்பு வாசலுக்கு முன்னாலேயே இருக்கிறது. அப்போது டேங்க், வெந்நீர்ப் பைப், குழாய் எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

பம்பின் சத்தத்தையும் கவனியுங்கள். இந்த வகைப் பம்பு தண்ணீரைத் தள்ளும்போது சத்தம் கொஞ்சம் கனத்திருக்கும். வழி அடைத்துவிட்டால் பாரம் குறைந்து வேகமாகச் சுற்றும், சத்தம் மெலிந்து கீச்சென்று கேட்கும். டயாஃப்ரம் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: குழாய் திறந்திருக்கும்போதே பம்பு தானாக நின்றால் முன்னால் எங்கோ அடைப்பு. நிற்காமல் ஓடினால் எங்கோ ஒழுக்கு, அல்லது பம்பு காற்றை இழுக்கிறது.

நிலாப்பயணி:
செய்தேன். தம்பியை அடியில் படுக்க வைத்துப் பார்த்தோம். சொட்டு, சொட்டு, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சத்தம் நீங்கள் சொன்னபடியேதான். பச்சைப் பக்கம் திருப்பினால் கனக்கிறது, வெந்நீருக்குத் திருப்பியதும் மெலிகிறது. இவ்வளவு நேரமும் பம்பு இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கேட்கத் தெரியவில்லை.

மறைதிருகி:
நல்லது. இனி தேட வேண்டிய இடம் ஒரு கை நீளம்தான். பச்சைத் தண்ணீர்ப் பைப் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு ‘டி’ இருக்கும். ஒரு கிளை குழாய்களுக்கு, இன்னொரு கிளை ஹீட்டருக்கு. அந்த ‘டி’யிலிருந்து டிரெயின் வரைக்கும் பாருங்கள்.

அங்கே இரண்டே சந்தேகம். ஒன்று, பைப் மடங்கி நசுங்கியிருப்பது. கட்டிலுக்கு அடியில் சாமான் திணிக்கும்போது இது சகஜம். இன்னொன்று நான்-ரிட்டர்ன் வால்வு. விரல் பருமனில் சின்னதாக இருக்கும், உடம்பில் அம்புக்குறி போட்டிருக்கும். வெந்நீர் திரும்பிப் பச்சைத் தண்ணீர்ப் பைப்புக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன மூடி. தண்ணீர் காய்ந்து வண்டி வெகுகாலம் நின்றால் உப்புப் படிந்து மூடி அப்படியே ஒட்டிக்கொள்ளும். என் பந்தயம் இதன் மேல்தான்.

தூரிகை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தொல்லை. ஆனால் என்னுடையது வெளிச்சுவரில் கதவு வைத்த அமெரிக்க வகை, 6 கேலன், அதாவது சுமார் 22.7 லிட்டர். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது, சூடு மட்டும் இல்லவே இல்லை. ஹீட்டரின் அடி பிளக்கைக் கழற்றினால் உள்ளே காய்ந்து கிடக்கிறது.

கூடாரம்:
தூரிகை, தண்ணீர் தாராளமாக வருகிறது, டேங்க் காலி என்றால் அது பைபாஸ். குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைக்கும்போது பைப்புகளில் உறையாத திரவம் ஏற்றுவார்கள். டேங்க் முழுக்க அதை நிரப்பி வீணாக்காமல் இருக்க ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். ஹீட்டரின் முதுகுப் பக்கம், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும்.

மூன்று வால்வு இருந்தால்: நுழைவு திறந்திருக்க வேண்டும், வெளியேற்றம் திறந்திருக்க வேண்டும், நடுவில் பாலமாக இருப்பது மூடியிருக்க வேண்டும். கைப்பிடி பைப்போடு ஒரே வாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். மூன்றும் திறந்திருந்தால் டேங்க் நிறையும், ஆனால் வெதுவெதுப்பாகத்தான் வரும். அது வேறு புலம்பல்.

நிறைந்ததா என்று பார்க்க, ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போது மட்டும், வெளிக்கதவைத் திறந்து பாதுகாப்பு வால்வின் சின்னக் கைப்பிடியைத் தூக்குங்கள். தண்ணீர் வந்தால் அந்த மட்டம் வரை ஏறிவிட்டது. மேலே கொஞ்சம் காற்று நிற்பது வேண்டுமென்றே விட்டதுதான். சூடாக இருக்கும்போது அந்த வால்வையும் அடி பிளக்கையும் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பிளக்கோடு நீளமான கம்பி ஒன்று வந்திருந்தால் அது ஆனோட் கம்பி. சபர்பன் கம்பெனி ஸ்டீல் டேங்குகளில் இருக்கும், டேங்குக்குப் பதிலாக அது அரித்துப்போகும். முக்கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அலுமினிய டேங்க் வைத்த ஆட்வுட் கம்பெனி ஹீட்டரில் அது கிடையாது, தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வேகத்தடை:
நிலாப்பயணி, பைப்பைக் கழற்றும் வேலையே வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை அந்த லைனில் வைத்து ஒரு அடி அடித்தால் உப்பெல்லாம் தெறித்துவிடும்.

பம்புசெட்டு:
வேண்டவே வேண்டாம். சப்மெர்சிபிள் பம்பு கொடுக்கும் அழுத்தம் 1 பார் அளவில்தான். அந்த லைனில் உள்ள ஜாயிண்டுகளும் மைக்ரோ சுவிட்ச் குழாய்களும் அதற்கேற்பப் போட்டவை. டயர் கம்ப்ரசர் நொடியில் அதைப்போலப் பல மடங்கு ஏற்றிவிடும். அடைப்பு போகிறதோ இல்லையோ, சுவருக்குப் பின்னால் ஒரு ஜாயிண்ட் கழன்று ஒழுகினால் பலகை ஊறி உப்பிய பிறகுதான் தெரியும். கழற்றி வாயால் ஊதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

நிலாப்பயணி:
கழற்றிவிட்டேன்!

பம்பை நிறுத்தி, 12 வோல்ட் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, அடியில் துண்டு விரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பைப் எங்கும் மடங்கவில்லை. ‘டி’க்கு அடுத்து ஒரு சாண் தூரத்தில் வெள்ளை நிற வால்வு, அம்பு ஹீட்டரைப் பார்த்து இருந்தது. ஜாயிண்டின் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு பைப்பை இழுத்தால் வந்துவிடுகிறது. அம்புப் பக்கம் ஊதினேன், போகவில்லை. எதிர்ப்பக்கமும் ஊதினேன், போகவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் மூடியைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஓடு கட்டியிருக்கிறது. ஈர்க்குச்சியால் குத்தினால் நகத்தளவு செதில் உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. ஸ்பிரிங் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இதைக் கழுவிப் போடலாமா? அல்லது வால்வே இல்லாமல் பைப்பை நேரடியாக இணைத்துவிடலாமா?

வேகத்தடை:
நேரடியாகவே போட்டுவிடுங்கள். இல்லாத பாகம் கெட்டுப்போகாது.

மறைதிருகி:
சோதனைக்காக ஒரு தடவை போடலாம், டேங்க் நிறைகிறதா என்று பார்க்க. அதற்கு மேல் வேண்டாம். வால்வு இல்லாவிட்டால் சூடான தண்ணீர் விரிந்து பச்சைத் தண்ணீர்ப் பைப்புக்குள் திரும்பி வரும். குடிக்கப் பிடிக்கிற குழாயில் ஹீட்டர் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக வரும். பம்பு டிரம்முக்குள் கிடப்பதால், அதன் பக்கத்தில் வேறு தடுப்பு வால்வு இல்லாவிட்டால், தண்ணீர் டிரம் வரைக்கும் இறங்கிப் போகவும் வழியுண்டு.

கழுவிப் போடுவதைப் பொறுத்தவரை, சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு கரையும். அவசரத்துக்கு ஓடும். ஆனால் மூடியின் ரப்பர் விளிம்பு ஒருமுறை வெடித்துவிட்டால் சரியாக உட்காராது, இப்போது மூடியே கிடந்தது இனி மூடாமல் கிடக்கும். புதிது வாங்குவதே மேல். வாங்கும்போது பைப்பை அளந்துகொள்ளுங்கள்: கெட்டிப் பைப் என்றால் வெளி விட்டம், மென்பைப் என்றால் உள் விட்டம். 12 மி.மீ. கெட்டிப் பைப்பும் உண்டு, 10 மி.மீ. மென்பைப்பும் உண்டு, இரண்டுக்கும் ஒரே வால்வு பொருந்தாது. பைப் முனை நசுங்கியிருந்தால் நேராக வெட்டிவிட்டுச் செருகுங்கள். கோணலாக வெட்டினால் உள்ளே இருக்கும் ஓரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிழியும், அப்புறம் ஒழுக்கைத் தேடி இங்கே இன்னொரு விவாத இழை தொடங்க வேண்டியிருக்கும்.

வால்விலேயே இவ்வளவு உப்பு என்றால் டேங்கிலும் கொஞ்சம் இருக்கும். நிறைந்து ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் உப்பு நீக்கிவிடுங்கள். இப்போது அவசரமில்லை.

நிலாப்பயணி:
புது வால்வு போட்டு, டிரெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் வெந்நீரில் திறந்தேன். போட்டதும் பம்பின் சத்தமே மாறிவிட்டது. குழாய் வாயில் கையை வைத்தால் காற்று சீராக வெளியே வருவது தெரிந்தது, முன்பு அது இல்லவே இல்லை. சில நிமிடம் கழித்துத் துப்பல், அப்புறம் தண்ணீரும் காற்றுமாக வெடிப்பு, அப்புறம் தடையில்லாத ஓட்டம். ஷவரில் கடைசியாகத்தான் வந்தது. திரும்ப டிரெயினைத் திறந்து வாளியில் அளந்தேன், கிட்டத்தட்ட முழு 10 லிட்டர். மறுபடி நிரப்பிக் கரண்டைப் போட்டேன். வெந்நீர்!

ஆனால் இப்போது ஒரு புதுச் சங்கதி. சூடேறும்போது வண்டிக்கு அடியில் டிரெயின் பைப்பிலிருந்து சொட்டுகிறது. ஆறிக் கிடந்தபோது சொட்டவில்லை.

பம்புசெட்டு:
ஆறிக் கிடக்கும்போது சொட்டவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 15 டிகிரித் தண்ணீர் 70 டிகிரிக்குப் போனால் சுமார் 2 சதவீதம் விரியும். பத்து லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200 மில்லி, ஒரு டம்ளர். புது வால்வு இப்போது ஒழுங்காக மூடுவதால் அந்தத் தண்ணீர் பின்னால் போக முடியாது. குழாய்களும் மூடியிருக்கின்றன. அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது.

சூடேறும்போது வெந்நீர்க் குழாயை ஒரு நொடி திறந்து மூடுங்கள். சொட்டு நின்றால் விஷயம் அதுதான். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வு உட்காரும் இடத்தில் உப்புச் செதில் ஒன்று மாட்டியிருக்கும். டிரெயினை முழுக்கத் திறந்து பம்பை ஓட விட்டால் அதுவே அடித்துக்கொண்டு போய்விடும்.

தூரிகை:
கூடாரம் அண்ணா, பாலம் திறந்து, நுழைவு மூடிக் கிடந்தது. மாற்றியதும் நிறைய ஆரம்பித்துவிட்டது. ஆனோட் கம்பி என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். புதிது சொல்லியிருக்கிறேன்.

நிலாப்பயணி:
குழாயை ஒரு நொடி திறந்ததும் சொட்டு நின்றுவிட்டது. உப்பு நீக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி: அமிலக் கரைசலை டிரம்மில் கலந்து பம்பு மூலமாகவே ஏற்றலாமா? பம்புக்கு ஏதாவது ஆகுமா?

மறைதிருகி:
ஏற்றலாம், ஒன்றும் ஆகாது. வடிகட்டி இருந்தால் மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள். டேங்க் நிறைந்ததும் சில மணி நேரம் ஊறவிட்டு, டிரெயின் வழியாக இறக்கி, புளிப்பு வாடை போகும் வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசும்போது உதிர்கிற செதில் குழாய் முனையின் சல்லடையில்தான் வந்து அடைக்கும். ஆகவே அதையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள்.